பதின்மூன்று சென்ரிமீற்றர்

மாங்குளத்தில் தகரக் கூரைக் கந்தோர்.
கையளிப்புப் படிவத்தின் இடப்பக்கம் ஆங்கிலம்,
வலப்பக்கம் வெறுமை.
அதை நிரப்பத்தான் எனக்குச் சம்பளம்.
இந்தக் காணி கிளியர் செய்யப்பட்டது
என்பதைத் தமிழில் எழுத வேண்டும்.

முதலில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதினேன்.
அம்பகாமத்து இராசநாயகி
வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தா.
"என்ர வளவு எப்ப பிள்ளை ஊத்தையாக் கிடந்தது?"

துப்புரவு என்றால் விளக்குமாறு கண்ணில் வருகிறது.
விடுவிப்பு என்று எழுதக் கை கூசுகிறது.
அந்தச் சொல்லை எல்லாரும்
ஆளுக்கொரு தரம் பாவித்துவிட்டார்கள்.

நான் வளர்ந்தது இதே சொல்லின் மறுப்புக்குள்.
வானொலிச் செய்தியில் எங்கள் ஊருக்குப் பெயர் இல்லை,
'அன்கிளியர் ஏரியா' அவ்வளவுதான்.
அந்த 'அன்'னுக்குள் எனக்குப் பல் விழுந்தது,
கூரைமேல் எறிந்தேன்.
ஏழாம் வாய்ப்பாடு பாடமாக்கினேன்,
ஏழெட்டு மட்டும் இன்றைக்கும் பிழைக்கும்.

ஓமந்தையில் பையைக் கொட்டிக் கிளறி
சவர்க்காரத்தை இரண்டாக வெட்டிப் பார்த்த பிறகு
சிப்பாய் கையை அசைப்பான்: கிளியர்.
நானா, சவர்க்காரமா,
எது கிளியர் என்று கேட்டதில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அதே சொல்
மோட்டார்சைக்கிளில் வருகிறது.
"அக்கா, உங்கட லோன் இன்னும் கிளியர் இல்லை."
வவுனியாவில் என் நெஞ்சுப் படத்தை
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
"எல்லாம் கிளியர்" என்றார் டொக்டர்.
விலாவிலுள்ள அரிசியளவு இரும்பு
அவருடைய பெருவிரலுக்குப் பின்னால் இருந்தது.

கந்தோரில் ஒரு பழைய அகராதி உண்டு.
கறையான் முதல் எழுத்தில் தொடங்கி
மூன்றாம் எழுத்து வருமுன் களைத்துவிட்டது.
ஆதலால் இந்தச் சொல் தப்பியிருந்தது.
பிரெஞ்சு வழியாக வந்ததாம்,
அதற்கு முன் இலத்தீனில் கிளாருஸ்.
துலக்கம், வெளிச்சம், அதுவரைக்கும் நான் நினைத்ததுதான்.
அதற்கும் கீழே,
எழுத்தே இல்லாத காலத்தின் வேருக்கு
அவர்கள் ஊகிக்கும் பொருள்: கூப்பிடுதல்.
முதலில் தெளிவாயிருந்தது குரல்.
கண்ணுக்கு அந்தச் சொல் பிறகுதான் போயிருக்கிறது.

எங்கள் 'தெளி' வேறு மாதிரி.
கலங்கல் தண்ணீரைக் குடத்தில் வைத்தால் தெளியும்.
சேறு எங்கும் போவதில்லை,
அடியில் இருக்கும்,
யாரும் குடத்தை ஆட்டாதவரை.

சசிரேகாவிடம் கேட்டேன்.
எட்டு வருடமாக முழங்காலில் நின்று
மண்ணைச் சுரண்டுகிறவள்.
முகக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுச் சொன்னாள்:
"பதின்மூன்று சென்ரிமீற்றர் வரைக்கும் பொறுப்பு.
அதுக்குக் கீழே எங்கட சொல் இல்லை."

சிவப்புக் கட்டைகளைப் பிடுங்கிய அன்று
இராசநாயகி உடனே உள்ளே போகவில்லை.
வேலி இருந்த இடத்தில் நின்று
கையை வாயருகே குவித்து
ஒரு பெயரைக் கூப்பிட்டா.
ஆருடைய பெயர் என்று நாங்கள் கேட்கவில்லை.
வீரை மரத்துக்கு அங்கால்
ஒரு மயில் எரிச்சலோடு அகவியது.
கொஞ்ச நேரம் நின்றா.
பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
நடந்தா.

அன்றிரவு வலப்பக்கத்தில் எழுதினேன்:
இந்தக் காணியைப் பதின்மூன்று சென்ரிமீற்றர் ஆழம் வரை
கூப்பிட்டுப் பார்த்தோம்.
எதுவும் பதில் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து திரும்பி வந்தது.
ஒரு சொல் போதுமாம்.
வெட்டிவிட்டுத் தமிழ் எழுத்தில் 'கிளியர்' என்று போட்டேன்.
இராசநாயகியின் பிரதியை மட்டும் வெட்டவில்லை.

அதை மடித்து வைத்துக்கொண்டு
வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வருகிறா,
ஒரே கேள்வியோடு:
"பிள்ளை, கிணறு இருபது அடியெல்லோ வெட்டவேணும்?"