மெழுகுவர்த்திக் கணக்கு

ஓனி ஊர்க் கோயிலின் வாசலோரம்
மெழுகுவர்த்தி விற்கிறவள் நான், சியாலா.
இருபத்தோரு வருடம்.
யார் தடித்ததை வாங்கி
எல்லாரும் பார்க்க நடுவில் ஏற்றுகிறார்கள்,
யார் ஒன்றுக்குக் காசு போட்டு
மூன்றை உருவுகிறார்கள்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
கணக்கு நோட்டின் முன்பக்கம் கோயிலுக்கு.
பின்பக்கம் எனக்கு.

பின்பக்கத்தில் அடிக்கடி வரும் பெயர் மூர்மன்.
ஈஸ்டருக்கு இரண்டு, பாக்கி.
திருமுழுக்குத் திருநாளில் மூன்று, குடித்திருந்தான்.
மனைவியின் அடக்கத்துக்கு ஒன்று.
அதையும் எழுதி வைத்தேன்.
ஒருமுறை சபை முழுக்கக் கேட்க
"ஆண்டவர் கடனுக்குக் கடை நடத்தவில்லை" என்றேன்.
சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்
இரவு ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டேன்.

இந்தக் குளிரில்தான்
தந்தை இயோரமின் கண்ணில் புரை முற்றியது.
ஜெபத்துக்கு வரும் பெயர்ச் சீட்டுகளை
அதுவரை அவரே படிப்பார்,
திரைக்குப் பின்னால், வாய்க்குள்.
படித்தவை என் தகரப் பெட்டிக்கு வரும்,
அடுப்பு மூட்ட.
இப்போது நான் பெரிய எழுத்தில் படியெடுக்கிறேன்:
மேலே உயிரோடிருப்பவர், கீழே இறந்தவர்.

மருந்துக்கடை ரசீதின் பின்புறம்,
தச்சுப் பென்சிலால், மூர்மன் கை:
எக்கா. இத்தாலியில்
யாருடைய தாயையோ குளிப்பாட்டும் மகள்.
நிகோரா.
சியாலா.

நிகோரா அவன் எருது.
எருதுக்கு ஜெபமா, குடிகாரப் புத்தி என்று
அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.
பிறகுதான் அடுத்த பெயரில் கை நின்றது.

இந்த ஊரில் வேறு சியாலா இல்லை.
இருப்பாள், மேல்தெருவில் இருப்பாள் என்று
கொஞ்ச நேரம் என்னையே ஏமாற்றினேன்.
கீழே, இறந்தவர் வரிசையில்,
அவன் மனைவிக்கு அடுத்து: கர்லோ.
என் கர்லோ.
நான் அவர் பெயரை எழுதிக் கொடுத்து
மூன்று குளிர்காலம் ஆகிறது.

தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
எரியாமல் மிஞ்சியதில் அவன் சீட்டு ஒன்பது.
ஒன்பதிலும் நாங்கள் இருவர்.
எதிலும் அவன் பெயர் இல்லை.
எத்தனை காலை
என் பெயரைக் கொளுத்திக்
கை காய்ந்திருக்கிறேன்.
மூன்றாவது மெழுகுவர்த்தி யாருக்கென்று
ஒருநாளும் கேட்டதில்லை.

மன்னிப்பு ஞாயிறு வந்தது.
தவக்காலம் தொடங்குமுன்
ஒருவர் முன் ஒருவர் குனியும் மாலை.
நீளமாக, அழகாக,
என் தாழ்மை எல்லாருக்கும் தெரியும்படி
வார்த்தைகளை ஆயத்தம் செய்திருந்தேன்.
அவன் முறை வந்தது. சாராய வாடை.
முதுகுவலிக்காரன், மேசையைப் பிடித்துக் குனிந்தான்.
"மன்னித்துக்கொள், சியாலா."
"ஆண்டவர் மன்னிப்பார்."
எல்லாரும் சொல்லும் பதில்.
அதற்குமேல் வாய் வரவில்லை.
நானும் குனிந்தேன்.
அவன் காலணியில் ஒரு கிழிசல்,
வலைநூலால் அவனே தைத்தது.
தையல் நேராக இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் பனி.
லாமாரா அரைகுறையாகத்தான் குனிந்தாள் என்று
நினைத்துக்கொண்டே நடந்தேன்,
ரியோனி ஆற்றுப் பாலம் வரை.
பாலத்தில்தான் என் நினைப்பு எனக்குக் கேட்டது.

பின்பக்கத்தை நான் கிழிக்கவில்லை.
கிழித்தால் எனக்குத்தான் வசதி.
கடைசி வரிக்குக் கீழே
சியாலா என்று எழுதினேன்.
எத்தனை பாக்கி என்று போடத் தெரியவில்லை.

பிறகு தந்தைக்குரிய தாளை எடுத்து
உயிரோடிருப்பவர் வரிசையில்
மூர்மனை எழுதினேன்.
அவன் எருதையும்,
அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே,
புரை விழுந்த கண்ணுக்கும் தெரியும்படி.