மூன்றாவது பைப்

குவைத், ஷுவைக். டயர்க் கடைகளுக்குப் பின்னால் எங்கள் சந்து.
கோடையில் பதினோரு மணியிலிருந்து நாலு வரை
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
தகரக் கூரைக்குக் கீழே வெயில் இல்லை
முதலாளி கணக்கில்.

அந்தப் பென்ஸைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
தண்ணீர் லாரி. ஆறு சிலிண்டர்.
என்னைவிட மூன்று வயது மூத்த எஞ்சின்.
பானெட்டைத் தூக்கினால்
பம்ப்பிலிருந்து கிளம்பும் ஆறு குழாயில்
மூன்றாவது மட்டும் மணலும் டீசலும் அப்பி
கறுத்துக் கிடக்கிறது.
கிளாம்ப் இல்லை. கழற்றிய எவனோ திருப்பி மாட்டவில்லை.
பிடிப்பில்லாத பைப் அதிர்ந்து அதிர்ந்தே சாகும்.

டிரைவர் குல்சரீன், பெஷாவர் பக்கத்துக்காரர்,
வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.
எஞ்சின் ஓடும்போது கசிவு எங்கேயென்று தடவிப் பார்த்தாராம்.
எறும்பு கடித்த மாதிரிதானாம். ரத்தம்கூட வரவில்லையாம்.
ஊசிமுனைப் புள்ளி ஒன்று, அவ்வளவுதான்,
துடைத்துவிட்டுத் தொழப் போயிருக்கிறார்.
ராத்திரி விரல் கத்திரிக்காயாக ஊதி
விடிவதற்குள் தோள்வரை எரிந்து
ஆஸ்பத்திரியில் இரண்டு கணுவை எடுத்துவிட்டார்கள்.
இரும்பையே பிளந்து வரும் டீசலுக்குத்
தோல் ஒரு கதவா.

லாரி இருபத்தொரு நாள் சால்மி ரோட்டோரம் நின்றது.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
கறுப்புக்கு அடியில் வெள்ளிப் பெயின்ட்.
பெயின்ட்டுக்கு அடியில்
மோதிரம்போல ஒரு மஞ்சள் வளையம்.
பித்தளை.
அந்தப் பித்தளையை எனக்குத் தெரியும்.
இரண்டு கோடைக்கு முன் நான் ஊற்றியது.

புதுசு வரப் பத்து நாளாகும், பற்றவைத்துக் கொடு என்றார் முதலாளி.
பில்லில் புது பைப், பதினாலு தினார்.
எழுதியது அவர்.
வைத்தது நான்.
பெயின்ட் அடித்ததும் நான்தான்,
அதை யாரும் சொல்லவில்லை.

இந்தத் தடவை கேட்கவில்லை.
சுருளிலிருந்து வெட்டினேன்.
ஆறும் ஒரே நீளம் இருக்கவேண்டும்,
பம்ப்பை ஒட்டியிருக்கும் சிலிண்டருக்கும்
கடைக்கோடிச் சிலிண்டருக்கும்.
பக்கத்து வீட்டுக்குப் போகிற பைப்
ஊரைச் சுற்றித்தான் போகும்.
சந்துக்குப் புதிதாக வருகிறவன் அந்தச் சுற்றைக் குறைத்து
மிச்சம் பிடித்ததாகச் சிரிப்பான்.
எஞ்சின் நொண்டும்.

கம்பி வைத்து அளந்து, வளைத்து, தலை தட்டி
காற்றடித்து, இரண்டு வாயிலும் டேப் ஒட்டினேன்.
இந்த ஊரில் புழுதிக்கு நேரம் காலம் கிடையாது.
மறக்காமல் கிளாம்ப். ஒன்றுக்கு இரண்டாக.

நோசில் பக்கத்து நட்டுகளை அரைத் திருகு தளர்த்தி
பிஜய் தாமாங்கைச் சாவி திருப்பச் சொன்னேன்.
நுரை. குமிழ். எச்சில் மாதிரி இரண்டு சொட்டு.
காற்றெல்லாம் துப்பி முடித்த பிறகுதான்
வெட்டி வெட்டிச் சுத்தமாக வந்தது.
ஒவ்வொரு நட்டாக இறுக்க இறுக்க
ஒவ்வொரு சிலிண்டராக விழித்தது.
வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு,
பிறகு ஆறும் ஒரே தாளத்தில்.

பழசைக் கொடு என்றார் குல்சரீன்.
போன தடவை கேட்கவில்லை.
இடது கையில் வாங்கி
மஞ்சள் வளையத்தை நகத்தால் சுரண்டினார்.
கிஸ்கா காம்?

எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம்.
மேரா என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பைப்பை சீட்டுக்கு அடியில் செருகினார்.

பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து
ஆறு குழாய்மேலும் மெல்ல ஓட்டினேன்.
கசிந்தால் அட்டை நனையும்.
விரலுக்கு அங்கே வேலையில்லை.
தூக்கிக் காட்டினேன். காய்ந்த அட்டை.

இரண்டு முழம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்,
கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்து.
மூன்றாவதை மறுபடி, என்றார்.
ஓட்டினேன். காய்ந்த அட்டை.
மறுபடி, என்றார்.