பதினோரு மணி நேரம்

இரவு பத்து நாற்பதுக்கு முதல் அழைப்பு.
எம்.சி. ரோடு சேலைக்காரர்.
"கடை தொறக்கலம்மா."
ஷட்டரைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.
வலைத்தளத்தைச் சொன்னார்.

பழைய வண்ணாரப்பேட்டை,
தராசு ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
நாற்பத்து மூன்று பேருக்கு
சர்வரில் இடம் வாடகைக்கு விடுகிறேன்.
நானே வேறொருவரிடம் வாடகைக்கு இருக்கிறேன்,
அவர் இன்னொருவரிடம்.
அந்த இன்னொருவரின் கட்டடம் இருக்கும் ஊர்
ரசீதில் இருக்கிறது, வாயில் நுழையவில்லை.

அங்கே ஏதோ எரிந்ததாம். அல்லது நனைந்ததாம்.
'ஆராய்ந்து வருகிறோம்' என்று ஒரு வரி வந்தது.
ஒரு மணி நேரம் கழித்து
'தொடர்ந்து ஆராய்ந்து வருகிறோம்.'
அந்தத் 'தொடர்ந்து'வைத்தான்
ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்
விடியும்வரை.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். போகவில்லை.
என் அஞ்சலும் அதே கட்டடத்தில்.

எண்ணூர் கன்டெய்னர் லாரி எத்திராஜுலு
தெலுங்கில் திட்டத் தொடங்கித் தமிழில் முடித்தார்.
வியாசர்பாடி டியூஷன் சென்டரில் அழுகிற குரல்:
"காலைல எக்ஸாம், பசங்க ஹால் டிக்கெட்டு
உள்ள மாட்டிக்கிச்சு மேடம்."
உள்ளே என்றால் எங்கே என்று
எனக்கும் தெரியாது.

காசிமேட்டு ஐஸ் கம்பெனி செலஸ்டின் மட்டும்
திட்டவில்லை.
"மீன்காரன் இன்னா வெப்சைட்டு பார்த்தா வர்றான், வுடு ஹெப்சிபா."
பொழுது போகாமல் பேசினார்.
"மூணு மணிக்கு ஒரு ஆட்டோ வந்துச்சு. மீனுக்கில்ல.
நாலு பார் ஐஸு. மரத்தூள் ஒட்டக்கூடாதுன்னு
கழுவிக் கழுவி எடுத்துனு போனாங்கோ.
கொருக்குப்பேட்டை ஆளுங்கோ.
காசு வாங்கல நானு."
சரிண்ணே என்று வைத்தேன்.
அடுத்த அழைப்பு காத்திருந்தது.

காலை ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் திரும்பியது.
சேலைகள், லாரிகள்,
தேர்வு தொடங்கிய பின் ஹால் டிக்கெட்டுகள்.
என் மன்னிப்பும் தானே கிளம்பிப் போனது.

மதியம் துலுக்காணம் மாடியேறி வந்தார்.
கொருக்குப்பேட்டை கேட் பக்கம்
குளிர்பெட்டி வாடகை. மூன்று பெட்டி.
இரவும் பகலும்.
மாநகராட்சி அவர் போர்டைப் பிடுங்கியபோது
"செல்லுல இருந்தா போதும்ணே" என்றவள் நான்.
தொட்டால் அவருக்கு அழைப்பு போகும்
அந்தப் பச்சைப் பொத்தானும் நான் வைத்ததுதான்.

கையில் சூடாகப் பக்கோடா பொட்டலம்.
"நேத்து ராத்திரி ஒரு போனு இல்லம்மா.
ஏழு வருசத்துல மொத தபா.
ஏரியாவுல ஒரு சாவு இல்லன்னு
நிம்மதியா தூங்கிட்டேன்.
ஊட்டுக்காரி எழுப்புறா, எழலியே நானு!"
கண்ணுக்குக் கீழே வீக்கம் வற்றியிருந்தது.
மூன்று பெட்டியையும் கழுவி
வெயிலில் திறந்து வைத்திருக்கிறாராம்.

நான் பக்கோடா தின்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் இறங்கிப் போனதும் பதிவேட்டைத் திறந்தேன்.
யார் வந்தார், எதைத் தொட்டார்,
எத்தனை நொடி நின்றார்,
எல்லாம் எழுதும் பதிவேடு.
பத்து நாற்பதுக்கு ஒரு வரி.
அதற்கடுத்த வரி ஒன்பது நாற்பது.
நடுவில் இடைவெளிகூட இல்லை,
ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒப்பந்தப்படி இழப்பீடு கணக்கிட்டேன்.
ஆண்டுக்கு இரண்டாயிரத்து நானூறு என்றால்
பதினோரு மணி நேரத்துக்கு
மூன்று ரூபாய் ஒரு காசு.
துலுக்காணத்தின் பெயரில் வரவு வைத்தேன்.

பிறகு செலஸ்டினைக் கூப்பிட்டேன்.
அந்த ஆட்டோ, அதில் வந்தது யார்?

"யாரு பூட்டாங்கன்னு நான் கேக்கல ஹெப்சிபா.
மே மாசத்துல ஐஸு கேட்டு நிக்கிறவங்கள
இன்னான்னு கேக்குறது?
ஒரு பையன் இருந்தான். பதினேழு வயசிருக்கும்.
பெரியவங்க ஐஸு தூக்குறாங்கோ,
அவன் மட்டும் ஒதுங்கி நின்னுனு
செல்லத் தட்டிக்கினே இருந்தான்.
ஏம்பா, ஒரு கை புடியேன்னேன்.
இருண்ணா, இப்ப வந்துரும்னான்."