இரண்டு தொட்டி

காவேரிப்பட்டணம் தாண்டி, மாந்தோப்புகளுக்குப் பின்னால்
எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை.
ஒரு கேழ்வரகு நாற்றின் வேரை
வகிடெடுப்பதுபோல் இரண்டாகப் பிரித்து
இரண்டு தொட்டியில் இறக்கியிருக்கிறோம்.
இடப்பக்கம் நைட்ரேட் கரைசல்.
வலப்பக்கம் கழுவிய மணல், வெறும் தண்ணீர்.
மேலே ஒரே செடி.

"ஒரு கடவாய்க்கு மட்டும் சோறு ஊட்டுறாப்பல இருக்குதே சார்,
அதுக்குத் தெரியுமா?"
சாக்கம்மா கேட்டாள், குடத்தை இறக்காமல்.

தெரியும்.
பசித்த வேர்
பதினைந்து மணி கோத்த சிறு சரமொன்றைத்
தண்டுக்குள் ஏறும் நீரில் விடுகிறது.
இலை அதை வாங்கிப் பார்க்கிறது.
பார்த்துவிட்டு வேறொரு சீட்டு எழுதிக்
கீழே அனுப்புகிறது, இரண்டு பக்கத்துக்கும்.
வலப்பக்கம் சீட்டு வந்து சும்மா கிடக்கும்,
அங்கே எடுக்க ஒன்றுமில்லை.
இடப்பக்கத்தில்
இதுவரை மடித்தே வைத்திருந்த மரபணு பிரிகிறது.
அதைப் படித்துப் படித்து
வேரின் தோலெங்கும் புதுக் கதவுகள் செய்கிறார்கள்.
யார் செய்கிறார்கள் என்று கேட்காதே சாக்கம்மா,
எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.
பட்டினி ஒரு பக்கம்.
அதற்கும் சேர்த்துக் குடிப்பது இன்னொரு பக்கம்.

எந்த மரபணு பிரிந்தது என்று பார்க்க
வேரை வெட்டிய நொடியே உறைய வைக்கவேண்டும்.
தாமதித்தால்
வெட்டிய காயத்தையும் சேர்த்து எழுதிவிடும்.
அதற்காக ஓசூரிலிருந்து
பைக்கின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறேன்:
திரவ நைட்ரஜன்.
இந்தச் செடி ஆறு வாரமாக ஏங்கும் அதே பொருள்
அதன் கண்ணெதிரே புகைந்து காற்றோடு போகிறது.
ஒரு துளிகூட அதற்கு ஆகாது.

சாக்கம்மா சிரித்தாள்.
"எங்கூட்லயும் சீட்டு போகுது சார்.
பெரியவன் அஞ்செட்டியில, மானாவாரி.
சின்னவன் ஓசூர் கம்பெனியில.
இங்க மழ இல்லேன்னு போன் போட்டா
அவன் ராத்திரி ஷிப்டும் சேத்துப் பாப்பான்."
குடத்தை இறக்கினாள்.
"போன மாசம் அவனையும் நிறுத்திட்டாங்க.
ரெண்டு தொட்டியும் மணலானா
என்னா பண்ணும் இது?"

அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது, மூன்றாவது.
அங்கேயும் சீட்டுகள் போகின்றன, வருகின்றன.
பிறகு அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகும்.
தம் பச்சையைத் தாமே உடைத்து
மேலே கொடுத்துவிட்டுத் தொங்கும்.
ஆறேழு விரல் விரியவேண்டிய கதிர்
இரண்டு விரலோடு நிற்கும்.
அதிலும் மணி பிடிக்கும், கொஞ்சம்.

சாக்கம்மா அந்த வரிசைக்கு எதிரே போய் நின்றாள்.
காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளப் போனவள்
கையை இழுத்துக்கொண்டாள்.
கணக்கு கெட்டுவிடும் என்று
நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.
"நேரமாவுது, வெட்டுங்க" என்றாள்.

மூன்று, இடம். மூன்று, வலம்.
குழாயின் மூடியில் எழுதினேன்.
பனி படிந்து எழுத்து ஒட்டவில்லை.
முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்,
மறுபடி எழுதினேன்.