பத்து நிமிடம்

வண்டியை நிறுத்திய பிறகும்
உள்ளங்கைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.
சூடு இறங்கும் எஞ்சின்
டிக், டிக்கென்று தனக்குள் எதையோ எண்ணுகிறது.
கணவாய்க்குக் கீழே சூசாமிர் சமவெளி.
தெமிர்கான் கேமராவோடு
அதற்குள் விளிம்புக்குப் போய்விட்டான்.

சமவெளிக்கு முதுகைக் காட்டி
முக்காலியில் ஒருத்தி.
நீல வாளி நிறைய குருத்,
கல் போல் காய்ந்த உப்புத் தயிர் உருண்டைகள்.
"கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று
பாறைக்குப் பின்னால் போனாள்.

உட்கார்ந்தேன். முக்காலியில் அவள் சூடு.
அங்கிருந்து தெரிந்தது
ஒரு வளைவு, தார் ஒட்டுப்போட்ட இடம்,
யாரோ வீசிய தண்ணீர்ப் பாட்டில்.

இரண்டு பைக்குகள் வந்தன.
ஹெல்மெட்டைக் கழற்றி
என் தோளுக்கு மேலாகப் பார்த்து
தங்கள் மொழியில் "அடேயப்பா" என்றார்கள்.
காசு நீட்டும்போதும்
கண்கள் அங்கேயே.
நாலு உருண்டை விற்றேன்.
சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.

புருல்சா வந்து எண்ணினாள்.
இருபது சோம் குறைந்தது.
சிரித்துக்கொண்டே
என்னிடம் வாங்கிக்கொண்டாள்.

"பார்த்தாயா?" என்கிறான் தெமிர்கான்.
கையுறையை மாட்டுகிறேன்.
வெயில் நன்றாகத்தான் விழுந்திருக்க வேண்டும்
அந்தப் பக்கம்.
கன்னத்தில் அதக்கிய குருத் கரைய
இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டராவது ஆகும்.