திரை போட்டிருந்தது

பூம்பாறையிலிருந்து முதல் பஸ் ஆறரைக்கு.
ஆறு மணிக்கே வந்துவிட்டேன்,
குழந்தை வேலப்பர் சன்னதிக்கு.
திரை போட்டிருந்தது.
உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.
வெளியே பூண்டுத் தாள்களின் மேல்
உறைபனி வெள்ளையாய்க் கிடக்கிற தை மாதம்.
இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில்
பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்களே என்று
முதலில் அதுதான் தோன்றியது எனக்கு.

அவர் பழனிக்கு நடந்துகொண்டிருந்தார்.
கிளம்புமுன் கோபமாகச் சொல்லவில்லை,
செருப்பில்லாத தன் காலைப் பார்த்தபடி சொன்னார்:
'குடுத்தது முருகன்.
வேணாம்னா அவன்கிட்டயே கேளு.'

கேட்டேன்.
திரையிடம்தான் கேட்டேன்.
பத்து வாரம் என்றேன்.
இரண்டு பேர் இருக்கிறார்கள், பெயர் உனக்குத் தெரியும்,
இருவருக்கும் உன் வாசலில்தான் மொட்டை போட்டோம்.
சின்னவள் பிறந்தபோது எனக்கு ஏற்றிய ரத்தம்
மூன்று பேருடையது, யாரென்றுகூடத் தெரியாது.
சொசைட்டிக் கடன் இருக்கிறது.
இதெல்லாம் இல்லாவிட்டாலும்
எனக்கு வேண்டாம் என்றேன்.
கடைசியாகச் சொன்னதுதான் காரணம்.
மற்றவை ஊருக்குச் சொல்ல வைத்திருந்தவை.

ஒரு பழத்துக்காகக் கோபித்து
மலையேறிப் போனவன் நீ.
அம்மாவும் அப்பாவும் வந்து கூப்பிட்டும் இறங்கவில்லை.
உன் பிடிவாதத்துக்குப் படி வெட்டி
முட்டி தேய ஏறுகிறோம் நாங்கள்.
என்னுடையதை எங்கே வைப்பது?

ஹாரன் அடித்தது.
அதைப் பதிலென்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு
எனக்குப் பக்தி போதாது.
நேரமாகிவிட்டது, டிரைவர் அடித்தார்.
பக்கத்து சீட்டில் செல்லமயில், எங்கே என்றாள்.
பல் வலி என்றேன்.
கிராம்பு வைக்கச் சொன்னாள்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு
அவருடைய ஆதார் நகலையும் கொண்டுபோயிருந்தேன்.
டாக்டரம்மா திருப்பித் தந்தார்.
'உங்க கையெழுத்து மட்டும் போதும்.'
ரேஷன் கடையில், சொசைட்டியில், பள்ளிக்கூடத்தில்
எங்கேயும் போதாத கையெழுத்து.
நாகஜோதி என்று எழுதினேன்.
ஜோவுக்குக் கொம்பு விட்டுப்போய்
இடுக்கில் செருகினேன்.

நர்ஸ் ஜெசிந்தா கழுத்தில் சலேத் மாதா சுரூபம்.
'எனக்கு இதுல சம்மதமில்லக்கா.
பாவம்னு நம்புறவ நான்.
உள்ள நிக்க மாட்டேன், டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.'
எனக்கு அவளைப் பிடித்துப்போனது.
முகத்துக்கு நேரே சொன்னவள் அவள் ஒருத்திதான்.
நிற்கவில்லை. வேறொருத்தி நின்றாள்.
முடிந்து நான் கண் விழித்தபோது
ஜெசிந்தாதான் பாலில்லாத டீயோடு இருந்தாள்.
கம்பளியை இழுத்துவிட்டு
நெற்றியில் கை வைத்தாள்.
மன்னிப்பதுபோல இல்லை.
காய்ச்சல் பார்ப்பதுபோல.

நடவுக்குப் பூண்டுப் பல் பொறுக்குவோமே,
பெரியது மண்ணுக்கு, சின்னது குழம்புக்கு,
அதைப்போலத்தான் இதுவும் என்று
திரும்பும் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
ஒட்டவில்லை. பூண்டு பூண்டுதான்.
மோயர் பாயின்ட் வளைவில் அழுதேன்.
திரும்பிப் போய் மாற்றச் சொல்லும் அழுகை
இல்லை அது.

மூன்றாம் நாள் அவர் வந்தார்,
பாதம் முழுக்கக் கொப்புளம்.
பஞ்சாமிர்த டப்பா, விபூதி,
கைக்குக் கட்டும் சிவப்புக் கயிறு ஐந்து.
நான்கு பேருக்குக் கட்டியாயிற்று.
பிள்ளைகள் தூங்கியபின், விளக்கணைத்து,
'கேட்டியா?'
'கேட்டேன்.'
'என்ன சொன்னான்?'
'குளிச்சுக்கிட்டிருந்தான்.'

நெடுநேரம் பேச்சில்லை.
அவர் காலுக்கு வெந்நீர் வைக்க எழுந்தேன்.
'நீ படு' என்று நொண்டிக்கொண்டே போய்
அடுப்பை மூட்டினார்.
யாருக்கென்று சொல்லாமல்
பெரிய பானையாக வைத்தார்.

ஐந்தாவது கயிறு
காலண்டர் ஆணியில் தொங்குகிறது.
எடுத்துப் போட அவருக்கும் கை வரவில்லை,
எனக்கும் வரவில்லை.
அவிழ்ப்பதற்கு அதில்
முடிச்சு இல்லை.