ஜன்னலுக்காகத் தூக்கிய கை

ஸ்டக்கியைக் கேட்டால் சொல்ல மாட்டார்.
நான் சொல்கிறேன்,
முப்பது வருடத்துக்கு மேல் அவர் அணிகளின் காலுறைகளைத்
துவைத்துக் காயப்போட்டவன் என்ற உரிமையில்.

கான்சஸ், ஆகஸ்ட், ஆசிரியர் கூட்டம்.
கார் ஓட்டக் கற்றுத்தருகிற வாத்தியார் அவர்.
வியர்வை தாங்காமல்
ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்கக் கை தூக்கினார்.
அந்த நொடியில்தான் தலைமையாசிரியர் கேட்டிருந்தார்:
"சாக்கர் அணியை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?"
எல்லோரும் கைதட்டினார்கள்.
ஜன்னலை யாரும் திறக்கவில்லை.

அன்றிரவு உணவகத்தில்
உப்புக்குப்பி கோல்கீப்பர், கெட்சப் தடுப்பாட்டக்காரர்.
ஆஃப்சைடு விதி பிடிபடுவதற்குள்
மூன்று காப்பி ஆறிப்போனதாம்.
முதல் வருடம் பதினான்கு ஆட்டம், பதின்மூன்று தோல்வி.
பதினான்காவது அன்று ஆலங்கட்டி மழை.

பிறகு விச்சிட்டாவில் உள்ளரங்கக் கால்பந்து.
நான் அங்கேதான் சேர்ந்தேன்.
புகை, வண்ண விளக்கு, சுற்றிலும் பலகைச் சுவர்.
அடித்த பந்து சுவரில் பட்டுத் திரும்பி வரும்.
மாதக் கடைசியில் காசோலையும் அப்படியே.
ஒரு செவ்வாய்க்கிழமை லீக்கையே மூடிவிட்டார்கள்.
விளக்குகளை ஏலத்தில் எடுத்தவன்
ஸ்கேட்டிங் கூடம் வைத்து நன்றாக இருக்கிறான்.

டொலீடோ, எரீ, சாட்டனூகா.
துணைப் பயிற்சியாளர், துணைக்குத் துணை.
உரிமத் தேர்வுக்காக ஒரு கல்லூரி விடுதியில்
மீசை அரும்பாத பையன்கள் நடுவே
மேல் கட்டிலில் படுத்துப் படித்தார்.
இரண்டு முறை தவறினார்.
எரீயில் நாய் பக்கத்து வீட்டோடு ஒட்டிக்கொண்டது.
சாட்டனூகா வரை வந்து பார்த்துவிட்டு
வெர்லீனும் நாயிடமே திரும்பிவிட்டார்.

தலைமைப் பதவி ஒரே ஒரு முறை.
மெத்தைக்கடை முதலாளியின் அணி. பதினோரு ஆட்டம்.
கார் நிறுத்துமிடத்தில், எஞ்சினை அணைக்காமல்,
கண்ணாடியை நான்கு விரல் மட்டும் இறக்கி
சொல்லிவிட்டான்.
சம்பள பாக்கிக்கு ஓர் இரட்டை மெத்தை.
என் வேனில்தான் ஏற்றினோம்.
வழிநெடுக அதன் மேல் மல்லாந்து
பின்வரிசை நால்வர் எப்படி நகர்ந்திருக்க வேண்டும் என்று
கூரையில் விரலால் வரைந்துகொண்டே வந்தார்.

ஒரு கோப்பையும் உண்டு.
பெரிய நகரம், மூன்றாம் துணை.
படத்தில் அவர் முகத்தைத் தேடாதீர்கள்.
கோப்பையின் இடது காதுக்குப் பின்னால்
ஒரு தொப்பி நுனி.

கடைசிப் பன்னிரண்டு வருடம் ஒமாஹா புறநகரில்
பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுமிகள்.
மாரிசெலா என்றொருத்தி இடைவேளையில் கேட்டாள்:
"நீங்கள் எந்த இடத்தில் ஆடினீர்கள்?"
இத்தனை காலம் யாரும் கேட்டுவிடாமல்
பார்த்துக்கொண்ட கேள்வி.
"நான் ஆடியதே இல்லை."
ஆரஞ்சுச் சுளையை மென்றபடி அவள்,
"ஓ, அதனால்தான் எங்களைப் பார்க்கிறீர்கள்.
மற்றவர்கள் தங்களையே பார்க்கிறார்கள்."
அன்று சாயந்திரம் என்னிடம் இதை மூன்று முறை சொன்னார்.
மூன்று முறையும் சுளையை விடவில்லை.

போன வெள்ளி, தேவாலயக் கூடத்தில் வழியனுப்பு விருந்து.
புதிய பயிற்சியாளர் திரையில்
அம்புக்குறிகள் காட்டிக்கொண்டிருந்தார்.
தாங்க முடியாத புழுக்கம்.
ஸ்டக்கியின் கண் ஜன்னலுக்குப் போனதை நான் கவனித்தேன்.
கை மேசைக்கு மேல் ஒரு சாண் எழுந்தது,
இறங்கியது.
நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்
துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி
தானே திறந்தார்.

வெளியே இருட்டில் யாரோ ஒரு பிள்ளை
வேலியில் பந்தை அடித்துக்கொண்டிருந்தது.
பேச்சு முடியும்வரை அங்கேயே நின்றார்.
திரும்பி வந்து உட்காரும்போது
என் காதில் சொன்னார்:
"இடது கால். வலதை இன்னும் நம்பவில்லை."